வெறுங்கையைப் பார்த்த சாட்சி

எனக்குத் திருடன் வேஷம் அவ்வளவு பொருத்தமாக இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கருப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையுமாக, அருப்புக்கோட்டை நடுத்தெருவில், போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்க்க, எங்கள் சீனியர் வக்கீல் கழுத்திலேயே நான் எத்தனையோ தடவை அரிவாள் வைத்திருக்கிறேன். அரிவாள் என்றால் மர ஸ்கேல்.

போன மாதம் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் பார் ரூமில் இதைச் சொன்னபோது ஜூனியர் பெண்கள் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். நான் தொழிலை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாகிவிட்டது. ஆனாலும் கோர்ட் பக்கம் போனால், ஒரு டீக்காவது அந்த அறைக்குள் தலையை நீட்டாமல் வர முடிவதில்லை. அன்றைக்கு அங்கே ஒரே புலம்பல். சட்டத்துக்கெல்லாம் பேர் மாறி, பிரிவு எண்களும் இடம் மாறிவிட்டன அல்லவா? பழைய சாட்சியச் சட்டத்தில் ஒன்பது என்றால் ஆளை அடையாளம் காட்டுவது, பதினொன்று என்றால் அலிபி. இப்போது ஒன்பதுதான் அலிபியாம். அடையாளம் ஏழாம் நம்பருக்குக் குடி போய்விட்டதாம்.

"நம்பர்தான தாயி மாறியிருக்கு? பொய் சொல்றவன் அதே ஆள்தான, பயப்படாதீக" என்றேன்.

அதில் ஒருத்தி, கொஞ்சம் வாய்த்துடுக்கு, எனக்கு அவளைப் பிடிக்கும், கேட்டாள்: "இப்ப செல்போன் டவரை எடுத்தா ஆளு எங்க இருந்தான்னு தெரிஞ்சிருது. கடைக்குக் கடை கேமரா. உங்க காலத்துல என்னத்த வச்சு அலிபியை நம்புனீக, அக்கா?"

நல்ல கேள்வி. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வெளியாட்களுக்கு ஒரு வார்த்தை. "இவன்தான் குத்தினான், என் கண்ணால் பார்த்தேன்" என்று ஒருவர் சொல்கிறார். "அந்த நேரத்தில் நான் அந்த இடத்திலேயே இல்லை, வேறு ஊரில் இருந்தேன்" என்று எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், சொல்கிறான். இரண்டாவது சொன்னதுதான் அலிபி. கீழ்க் கோர்ட்டில் இந்த இரண்டில் ஒன்று ஜெயிக்கும். தோற்றவன் அப்பீலுக்கு வருவான். அப்பீலில் சாட்சி வர மாட்டார். அவர் சொன்னதெல்லாம் தட்டச்சு செய்த தாளாக, ஒரு கட்டாக வரும். அவர் முழித்தாரா, எச்சில் விழுங்கினாரா, யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார், எதுவும் தாளில் இருக்காது.

அதனால்தான் எங்கள் சீனியர் நாடகம் போட ஆரம்பித்தார். சம்சாரி வீட்டுப் பிள்ளை அவர், விவசாயக் குடும்பம். பருத்திக் காட்டுக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் கோர்ட்டுக்கு வருவார். பேச்சு மெதுவாக வரும். கோபம் வந்தால் இன்னும் மெதுவாக வரும். என்னை "ஏம்மா" என்று கூப்பிட்டால் நல்ல மனநிலை. "வக்கீலம்மா" என்று மரியாதை கொடுத்தால் நான் தொலைந்தேன் என்று அர்த்தம்.

நான் சட்டம் படித்து முடித்து அவரிடம் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் வாய்தா வாங்கினேன், நகல் மனு போட்டேன், திட்டு வாங்கினேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நாடகம் இப்படி நடக்கும். கண்ணால் பார்த்த சாட்சி சொன்னதை அவர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார். ஒரு வரி முடிந்ததும் அந்த வரியில் யார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நாங்கள் போய் நிற்க வேண்டும். சாட்சி வேஷம் எப்போதும் அவருக்குத்தான். திருடன், கொலைகாரன் எல்லாம் நான். மரம், கிணறு, மாட்டு வண்டி, பஸ், செத்தவர் ஆகிய பாத்திரங்கள் குமாஸ்தா குருசாமி அண்ணனுக்கு. ஆபீஸுக்குள் இடம் போதாது என்றால் தெருவில் இறங்கிவிடுவோம். எதிர்வீட்டு அக்கா, "இன்னைக்கு என்ன, வெட்டா குத்தா?" என்று கேட்டுக்கொண்டே மாவு சலிப்பார்.

கேலியாகத்தான் இருக்கும். ஆனால் பலன் இருந்தது. ஓர் அடிதடி வழக்கில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்ததாகச் சொன்ன சாட்சிக்கு, அந்த இடத்தில் நின்றால் தூணைத் தவிர எதுவும் தெரியாது என்று குருசாமி அண்ணனைத் தூணாக நிறுத்தித்தான் கண்டுபிடித்தோம். அண்ணன் கொஞ்சம் தடித்த ஆள்.

அந்த அண்ணனையே ஒரு தடவை சாட்சி ஒருவர் குற்றவாளி என்று காட்டிவிட்டார்! விசாரணையின்போது, "அன்றைக்கு வெட்டியவர் இங்கே இருக்கிறாரா?" என்று அரசு வக்கீல் கேட்க, சாட்சி கண்ணில் நீர் வழிய, கூண்டுக்குப் பக்கத்தில் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற எங்கள் அண்ணனை நோக்கி விரலை நீட்டினார். கூண்டில் இருந்தவனே சிரித்துவிட்டான். அண்ணன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதே கேள்வி எனக்கும் பிறகு வந்தது, சிரிக்க முடியாத இடத்தில்.

இருளப்பன் வழக்கு அது. அவன் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கிராமத்துக்காரன். ஊர்ப் பேர் வேண்டாம், நான் இன்னும் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

பங்குனி மாதம், பொழுது இருட்டத் தொடங்குகிற மசங்கல் நேரம். பாலவனத்தத்தில் குடியிருந்த ஒரு டீச்சரம்மாவும் கணவரும் அருப்புக்கோட்டையிலிருந்து மொபெட்டில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சீமைக்கருவேலம் புதருக்குள்ளிருந்து ஓர் ஆள் குறுக்கே வந்தான். மொபெட் சரிந்தது. கணவருக்குத் தோளில் வெட்டு. டீச்சரம்மாவின் கழுத்தில் அரிவாளை வைத்துத் தாலிச் செயினை அறுத்துக்கொண்டு புதருக்குள்ளேயே போய்விட்டான். விழுந்து கிடந்த மொபெட்டின் விளக்கு அணையவில்லை. அந்த வெளிச்சத்தில் முகத்தை நன்றாகப் பார்த்ததாக டீச்சரம்மா சொன்னார்.

நெட்டை ஆள், நீள முகம், அடர்ந்த மீசை. வரப்புத் தகராறில் இருளப்பன் மேல் ஒரு பழைய அடிதடி வழக்கு உண்டு. போலீஸுக்கு அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. பிடித்தார்கள். ஜெயிலில் மாஜிஸ்திரேட் முன்னால் அடையாள அணிவகுப்பு நடந்தது. அதே உயரத்தில் பலரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். டீச்சரம்மா தயங்கவே இல்லை, நேராகப் போய் அவன் தோளைத் தொட்டுவிட்டு அழுதுவிட்டார். அது போதாதா? ஏழு வருடம் கடுங்காவல்.

அவன் தரப்பில் அலிபி இருந்தது. ஆனால் அது வினோதமான அலிபி. அந்த வாரம் அவர்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். தீச்சட்டி எடுக்கிறவர்களுக்கு வலது மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்த மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கறி மீன் தொடக் கூடாது. இருளப்பன் காப்புக் கட்டியிருந்தான். ஆகவே அவன் ஊரில்தான் இருந்தான். ஊரின் வாதம் இவ்வளவுதான்.

நாட்டாமை, பூசாரி, டீக்கடைக்காரர் என்று மூன்று பேர் கூண்டில் ஏறி இதையே சொன்னார்கள். நாட்டாமையை அரசு வக்கீல் குறுக்கு விசாரணை செய்ததை நான் அப்பீல் கட்டில் வாசித்து வாசித்துச் சிரித்திருக்கிறேன்.

"அன்னைக்குச் சாயங்காலம் எதிரியை நீங்க பார்த்தீங்களா?"

"காப்புக் கட்டுனவன் ஊர்லதான் இருப்பான்."

"பார்த்தீங்களா, இல்லையா?"

"ஊர்லதான்யா இருப்பான்!"

இது சாட்சியம் இல்லை, நம்பிக்கை என்று எழுதி நீதிபதி அலிபியைத் தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

ஊர்க்காரர்கள் வசூல் போட்டு அப்பீலுக்கு எங்களிடம் வந்தார்கள். ஜாமீன் கிடைக்கவில்லை. இருளப்பன் மதுரை ஜெயிலில் இருந்தான். அவன் மனைவி பேச்சி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாராவாரம் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பாள். "எப்ப வருவாக?" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டாள். நான் அடுத்த வாய்தா தேதியைச் சொல்லி அனுப்புவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, முக்காடு போட்ட வயதான அம்மா ஒருவர் வந்தார். பேர் சைத்தூன் பீவி, அருப்புக்கோட்டையிலேயே வீடு.

"இருளப்பன் கேஸு உங்கட்டதான இருக்கு?" என்றார். "அந்தப் புள்ள அன்னைக்குச் சாயங்காலம் பூரா எங்க வீட்டுலல்ல இருந்துச்சு!"

சீனியர் கண் காட்ட, நான் நோட்டை எடுத்தேன்.

"எம் மகன் காதரும் அதுவும் ஒண்ணாப் படிச்சதுக. காதரு மறுநாளு சவுதிக்குப் போறான், இனி எப்ப வருவானோன்னு நாந்தான் ஆளனுப்பி வரச் சொன்னேன். மத்தியான பஸ்ஸுல வந்துச்சு. பிரியாணி ஆக்கியிருந்தேன். கையக் காமிச்சு, காப்புக் கட்டியிருக்கேன், சாப்பிடக் கூடாதும்மான்னுச்சு. எம் புள்ள ஊரு விட்டுப் போற அன்னைக்கு நீ சாப்பிடாம எந்திரிச்சா எனக்கு மனசு ஆறாது, உங்க மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ உக்காருன்னேன். அழுதுட்டேன் வேற. சாப்பிட்டுச்சு. கடைசி பஸ்ஸுக்குத்தான் போச்சு. அதுக்கு ஜெயிலுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும். கோர்ட்டுல வந்து சொல்றேன். கூண்டுல ஏறச் சொன்னாலும் ஏறுறேன்."

அப்பாடா, நிஜமான அலிபி! எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறினேன்.

ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவனுக்கு முகம் செத்துவிட்டது.

"அந்த அம்மாவைக் கூப்பிடாதீகம்மா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்."

"ஏழு வருசம்ப்பா! புத்தி இருக்கா?"

"அதுக்கப்புறம் ஒரு தூத்தல் விழுந்துச்சா? கம்மா வெடிச்சுக் கிடக்கு. யாரால இப்படிப் போச்சுன்னு ஊரே ஆளைத் தேடிக்கிட்டு இருக்கு. காப்போட எல்லையத் தாண்டிப் போயி கறி தின்னேன்னு தெரிஞ்சா விடுவாகளா? திருட்டுக் கேஸுன்னா ஊரு எனக்கு வக்கீல் வைக்கும்மா. இதுன்னா ஊருக்குள்ளயே விடாது. எம் புள்ளைக அங்கதான பொழைக்கணும்? பேச்சிக்கு மட்டும் தெரியவே கூடாது."

எனக்கு வந்ததே கோபம்! ஒரு தட்டு பிரியாணிக்காக ஏழு வருடம் உள்ளே கிடப்பேன் என்கிறவனை என்ன செய்ய? "இவ்வளவு பக்திமான், காப்பை அவுத்து வச்சிட்டுத்தான் சாப்பிட்டியாக்கும்?" என்று நக்கலாகக் கேட்டேன்.

அவன் பதறிவிட்டான். "ஐயையோ, காப்பை யாராச்சும் அவுப்பாகளா? துண்டை அது மேல சுத்திக்கிட்டுல்ல சாப்பிட்டேன்!"

ஆத்தா கண்ணை மறைத்தானாம். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் மாறி மாறி வந்தது.

சீனியரிடம் கொட்டினேன். கட்சிக்காரன் வேண்டாம் என்றாலும் அந்த அம்மாவைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கேட்டு அப்பீலில் மனுப் போடலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஏம்மா, கீழ்க் கோர்ட்டுல ஊர்ல இருந்தேன்னான். இப்ப அருப்புக்கோட்டையில இருந்தேன்னா, நாளைக்கு எங்க இருந்திருப்பேன்னு ஜட்ஜு கேப்பாரு. ஒருத்தனுக்கு ரெண்டு அலிபி இருக்கிறது, ஒண்ணுமே இல்லாததைவிட மோசம். அது கிடக்கட்டும். அவன் ஊரு எங்க, சம்பவம் நடந்த இடம் எங்க? அருப்புக்கோட்டையில இருந்தான்னு நாமளே சொன்னா, அரசு வக்கீல் கும்பிடு போட்டு வாங்கிக்கிருவாரு. அங்கருந்து அந்த ரோடு எட்டிப் போற தூரம்."

நியாயம்தான். பொய்யான அலிபி அவனைத் தூரத்தில் வைத்தது. உண்மையான அலிபி அவனைச் சம்பவ இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இப்படி ஒரு கூத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அலிபி பொய்யென்றாலும் அதற்காக மட்டும் ஒருவனைத் தண்டிக்க முடியாது, அரசுத் தரப்புதான் தன் காலில் நிற்க வேண்டும். சட்டம் அதுதான். ஆனால் அரசுத் தரப்பின் கால் டீச்சரம்மா. அவர் பொய் சொல்கிற ஆளே இல்லை. அங்கேதான் எங்களுக்கு வழி தெரியவில்லை.

"நாடகம் போடுவோம்" என்றார் சீனியர்.

மசங்கல் நேரத்துக்காகக் காத்திருந்து தெருவில் இறங்கினோம். குருசாமி அண்ணன் சரிந்த மொபெட்டாகத் தரையில் படுத்துக்கொண்டு டார்ச் லைட்டை மேலே காட்டினார். சீனியர் டீச்சரம்மா. நான் திருடன். வலது கையில் ஸ்கேலைப் பிடித்து அவர் கழுத்தில் வைத்து, இடது கையால் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"ஏம்மா, வளையல் கண்ணுல குத்துது."

"ஸாரி சார்" என்று கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காத. அப்படியே நில்லு." தலையைச் சாய்த்து வளையலைப் பார்த்தார். "பச்சை ரெண்டு. நடுவுல ஒரு சிவப்பு. சிவப்புல விரிசல் விட்டிருக்கு." பிறகு மெதுவாக, "வக்கீலம்மா, டீச்சர் சாட்சியத்தை எடுங்க" என்றார்.

என்ன தப்புச் செய்தேனோ என்று அப்பீல் கட்டை எடுத்து வாசித்தேன். டீச்சரம்மா எவ்வளவு கவனமான சாட்சி என்று காட்டுவதற்காக அரசு வக்கீலே ஒரு கேள்வி கேட்டிருந்தார், அவன் கையில் மோதிரம், கடிகாரம் ஏதாவது இருந்ததா என்று. டீச்சரம்மாவின் பதில்: 'எதுவும் இல்லை. சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தார். வெறுங்கை. வலது கையால் அரிவாளைப் பிடித்த பிடியில் மணிக்கட்டில் நரம்பு புடைத்திருந்தது.'

"சார், காப்பு!" என்று கத்தியே விட்டேன். எதிர்வீட்டு அக்கா சலித்துக்கொண்டிருந்த சல்லடையோடு வெளியே வந்துவிட்டார்.

"ஐயா, நான் எந்திரிக்கலாமா?" என்றார் தரையில் கிடந்த மொபெட்.

காப்பு இருந்தது என்பதற்கு ஊர்க்காரர்களை நம்ப வேண்டியதும் இல்லை. அரசுத் தரப்பு இன்ஸ்பெக்டரே அதைச் சொல்லியிருந்தார். கைது செய்ய ஏன் தாமதம் என்ற கேள்விக்கு, மறுநாளே ஊருக்குப் போனதாகவும், எதிரியின் கையில் காப்பு இருந்ததால் ஊரார் கூடிக்கொண்டு தொட விடவில்லை என்றும், காப்பு அவிழ்த்த பிறகே பிடித்ததாகவும் பதில். கீழ்க் கோர்ட்டில் எல்லோரும் காப்பை ஊர் எல்லைக்கு அத்தாட்சியாக மட்டும் பார்த்தார்கள். அது ஒரு கயிறு, கையில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாவட்டக் கோர்ட்டில் அப்பீல் விசாரணைக்கு வந்தது. நாட்டாமை ஆட்களோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீதிபதி முதலிலேயே கேட்டார்: "எதிரி ஊரை விட்டே போகவில்லை என்பதுதானே உங்கள் வாதம்?"

"அதை நான் வற்புறுத்தவில்லை" என்றார் சீனியர்.

"வற்புறுத்தலையா, வற்புறுத்த முடியலையா?"

"ரெண்டும்தான்."

கோர்ட்டே சிரித்தது. பின் பெஞ்சில் நாட்டாமை மட்டும் பல்லைக் கடித்தார். பிறகு சீனியர் டீச்சரம்மாவின் பதிலை வாசித்தார். இன்ஸ்பெக்டரின் பதிலை வாசித்தார். வேறு எதுவும் சேர்க்காமல் உட்கார்ந்துவிட்டார்.

அரசு வக்கீல் சளைத்தவர் இல்லை. "திருடப் போகிறவன் காப்பை அவிழ்த்து வைத்துவிட்டுப் போய், வந்து மறுபடி கட்டியிருக்கலாமே?" என்றார்.

சீனியர் எழுந்தார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. எனக்குத் தெரியும், உள்ளே கொதிக்கிறார் என்று. "அந்தக் காப்பைக் கட்டின பூசாரி கூண்டில் நின்றார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தீர்கள். முடிச்சு மாறியிருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது நீங்களே கூண்டில் ஏறாமல் சாட்சி சொல்லாதீர்கள்."

வெளியே வந்ததும் நான் அவரை வம்புக்கு இழுத்தேன். "காப்பை வச்சே ஜெயிக்கப் பாக்கீகளே சார், அவன் அந்தக் காப்போடதான பிரியாணி தின்னான்?"

"ஏம்மா, என்ன தின்னான்னு ஜட்ஜு கேக்கலை. அவுத்தானான்னுதான் பேச்சு. அவுக்கலை."

தீர்ப்பு வந்தது. டீச்சரம்மா பொய் சொல்லவில்லை, ஆனால் ஒரே வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் பார்த்த முகத்தையும் கையையும் பிரிக்க முடியாது. அந்தக் கை எதிரியின் கையா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. விடுதலை.

பேச்சி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? ஆனால் படியில் இறங்கும்போது டீச்சரம்மா எதிரே நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் செயின் இல்லை, மஞ்சள் கயிறுதான் கிடந்தது. கோபமாகக் கேட்பார் என்று நினைத்தேன். குழந்தை மாதிரி கேட்டார்.

"அப்ப நான் பார்த்தது யாரும்மா?"

அந்த ஆள் இன்றுவரை பிடிபடவில்லை. டீச்சரம்மாவுக்குக் கண்ணை மூடினால் இருளப்பன் முகம்தான் வரும். தீர்ப்பு அதை மாற்றாது. அலிபியைப் பற்றிக் கேட்ட ஜூனியர் பெண்ணே, இதையும் நீ குறித்துக்கொள்.

அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. சீனியர் வரவில்லை. நானும் குருசாமி அண்ணனும் போனோம். கோவில் வாசலில் கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. காப்புக் கட்டுகிறவர்கள் வரிசையாக நின்றார்கள். "முதக் காப்பு இருளப்பனுக்கு!" என்று நாட்டாமை சத்தமாகச் சொன்னார். "எல்லை தாண்டாதவன்னு நாம சொன்னோம், ஆத்தா அவனை மீட்டுக் குடுத்துட்டா!"

பூசாரி கயிற்றோடு வந்தார். இருளப்பன் கையை நீட்டினான். பிறகு பின்னால் இழுத்துக்கொண்டான்.

"எனக்கு வேணாம். நான் தாண்டுனேன்."

கொட்டு நின்றுவிட்டது.

"காப்போட அருப்புக்கோட்டைக்குப் போனேன். காதர் வீட்டுல கறிச்சோறு தின்னேன். அவுக அம்மா கோர்ட்டுல வந்து சொல்றேன்னாக. நாந்தான் வேணாம்னுட்டேன். மழை பெய்யாததுக்கு நான்தான் காரணம்னா என்னைத் தள்ளி வைங்க. எனக்கு ஒளிச்சு வச்சு முடியலை."

இனி என்ன ஆகுமோ என்று குருசாமி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். நாட்டாமை அவன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, கடைசி பஸ்ஸுல நீ வந்து எறங்குனப்ப ஊரு மந்தையில உக்காந்திருந்தது யாருலே? நீ எறங்குறதுக்கு முன்னாடியே பிரியாணி வாசம் எறங்கிருச்சு! எனக்குத் தெரியும், பூசாரிக்குத் தெரியும், டீக்கடைக்காரனுக்கும் தெரியும். பாத்தியா பாத்தியான்னு அந்த வக்கீலு குடைஞ்சானே, கடைசி வரைக்கும் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னேனா?"

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"காப்போட வெளிய போனான்னு கோர்ட்டுல ஏறிச் சொன்னா, நீ நாளைக்கு எப்படிலே இந்த ஊருக்குள்ள தலை நிமிந்து நடப்ப? உன் மானத்துக்குத்தாண்டா பொத்திக்கிட்டோம்!"

கூட்டம் சிரித்தது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு ஒரேயடியாக. நானும் சிரித்தேன். இருளப்பனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து பேச்சி வந்தாள். "எப்ப வருவாக" என்பதைத் தவிர அவள் பேசி நான் கேட்டதில்லை என்று சொன்னேனல்லவா? அன்றைக்குக் கேட்டேன்.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க. இவுக ஊருக்குப் பயந்து மறைச்சாக. ஊரு இவுகளுக்காக மறைச்சுச்சு. ரெண்டு பக்கமும் தெரிஞ்சுக்கிட்டே வாயப் பொத்திக்கிட்டீக. நான் கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா ஓடுனேன். எடுக்க ஆளில்லாம எங்க பருத்தி காட்டோட போச்சு. எம் புள்ள அப்பான்னு சொல்லப் பழகுனது ஜெயிலு கம்பிகிட்ட. உண்மையச் சொல்லுதேன்னு கெளம்பி வந்தது அந்தக் காதர் அம்மா ஒருத்தவுகதான?"

அவள் பார்வை என் பக்கமும் வந்தது. நான் குருசாமி அண்ணனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

நாட்டாமை தொண்டையைச் செருமினார். "சரி தாயி, விடு. இப்ப என்ன, கட்டவா வேணாமா?"

பேச்சி புருசனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பூசாரி முன்னால் நீட்டினாள்.

"கட்டுங்க. ஆனா எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த வருசம் இவுக எல்லையத் தாண்டுனாகன்னா, எங்க போனாக, யாரு வீட்டுல உக்காந்தாக, என்னத்தத் தின்னாக, அம்புட்டையும் நானே கூண்டுல ஏறிச் சொல்லுவேன். ஊரு மானமாவது மண்ணாங்கட்டியாவது, எம் புருசன் எனக்கு வீட்டுல இருக்கணும்."

பூசாரி முடிச்சைப் போட்டார்.